கொவிட் டைம்ல சின்ன புள்ளைங்களுக்கு கிட்னி வருத்தம் கூடிச்சா குறைஞ்சிச்சா?

தலவாக்கலை அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். என் சின்னவனுக்கு நெப்ரோடிக் சிண்ட்ரோம், அதான் கிட்னி வழியா மூத்திரத்துல புரோட்டீன் ஒழுகி ஒடம்பு வீங்குற வருத்தம். 2020 கர்ஃபியூ போடுறதுக்கு கொஞ்சம் முந்தித்தான் கண்டுபிடிச்சாங்க. காலையில எழும்புனா கண்ணு ரெண்டும் வீங்கி இருக்கும், பூச்சி கடின்னு நெனச்சு மருந்து குடுத்தாங்க, பொறகு வயிறு காலுன்னு எல்லாம் வீங்கி காச்சட்டை பொத்தான் பூட்ட முடியாம போச்சு, மூத்திரமும் நுரை நுரையா போகவும் தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. ஸ்டீரொய்ட் குடுத்து வீக்கம் வடிஞ்சிச்சு. அதுக்கப்புறம் ஸ்கூல் மூடிக் கெடந்த காலம் முழுக்க ஒண்ணுமே இல்ல, நல்லா இருந்தான். ஸ்கூல் தொறந்து தடிமன் புடிச்சிச்சு பாருங்க, உடனே மறுபடியும் புரோட்டீன். மாமி கொரோனா ஊசியால வந்ததுங்கறாங்க, பக்கத்து லயத்து அக்கா அந்த வைரஸ் தான் புள்ளைங்க கிட்னிய கெடுத்துச்சு, எல்லா நாட்டுலயும் இந்த வருத்தம் கூடிப் போச்சுங்கறாங்க. உண்மையிலயே அந்த டைம்ல கூடிச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்டி நர்ஸ் அக்கா:
தங்கச்சி, மொதல்ல ஊசி கதைய விடுங்க. 2021ல நம்ம நாட்டுல 12 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்களுக்கு பொதுவா கொவிட் ஊசி ஏத்தவே இல்லயே, உங்க சின்னவனுக்கு எப்படி அதனால வரும்?

நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு. புதுசா வருத்தம் வர்றது ஒண்ணு, ஏற்கனவே உள்ள புள்ளைக்கு திரும்பி வர்றது, அதான் ரிலாப்ஸ், அது இன்னொண்ணு. ரிலாப்ஸ்ஸ கிளப்பி விடுறது அனேகமா தடிமன் இருமல் தான். அந்த காலத்துல ஸ்கூல் இல்ல, டியூஷன் இல்ல, எல்லார் மூஞ்சிலயும் மாஸ்க், தடிமனே குறைஞ்சிச்சு, அதோட ரிலாப்ஸும் குறைஞ்சதா பல நாட்டு டொக்டர்மார் எழுதியிருக்காங்க. உங்க மகன் கதையும் அதுக்கு அப்படியே பொருந்துது. இந்த வருத்தம் வந்த புள்ளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒரு தடவையாவது திரும்பி வரும், அதனால பயப்படாதீங்க, ஸ்டீரொய்ட்டுக்கு கேக்குற புள்ளன்னா நல்ல அறிகுறி, 10 பேர்ல 8, 9 பேருக்கு கேக்கும். கொவிட் வந்து ரிலாப்ஸ் ஆன புள்ளைங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அதுவும் மத்த வைரஸ் செய்யிற வேல தான்.

புதுசா வர்ற கணக்கு தான் சிக்கல். உலகத்துல பொதுவா ஒரு லட்சம் புள்ளைங்களுக்கு வருசத்துக்கு 2லருந்து 7 பேர்ன்னு சொல்லுவாங்க, நம்ம தெற்காசிய புள்ளைங்களுக்கு கொஞ்சம் கூட.

லிந்துலை சேர்:
நான் கணக்கு வாத்தி, அதனால இத மட்டும் சொல்றேன். 2012 கணக்கெடுப்புல நுவரெலியா மாவட்டம் 7 லட்சத்து சொச்சம், அதுல கால்வாசி சின்னப் புள்ளைங்கன்னு வைங்க, ஒண்ணே முக்கால் லட்சம். அப்ப ஒரு வருசத்துக்கு புதுசா 4லருந்து 12 பேர் வரைக்கும் தான். ஒரு வருசம் 6, அடுத்த வருசம் 9ன்னா ஒன்றரை மடங்கு கூடிச்சுன்னு பேப்பர்ல போடலாம், ஆனா அது வெறும் தற்செயலாவும் இருக்கலாம், காக்கா ஒக்கார பனம்பழம் விழுந்த கத தான். பக்கத்து லயத்து அக்காவுக்கு தெரிஞ்ச ரெண்டு வீட்ட வச்சு நாட்டுக் கணக்கு போட ஏலாது.

அதோட இன்னொண்ணு, கர்ஃபியூல ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆள் குறைஞ்சா வருத்தம் குறைஞ்சிச்சுன்னு அர்த்தமா? பஸ் இல்ல, ஓட்டோக்காரன் கேக்குற காசு, யாரு போவா?

கண்டி நர்ஸ் அக்கா:
சேர் சொல்றது சரி, ஆனா இந்த வருத்தத்துக்கு அது அரைவாசி தான் பொருந்தும். புள்ள ஊதிப் போனா எந்த அம்மாவும் வீட்டுல வச்சிருக்க மாட்டா, லேட் ஆகும், ஆனா கடைசில வந்து தான் ஆகணும். கணக்குல தவறிப் போறது சத்தமில்லாத கேஸ். லயத்துப் பக்கம் சொறி சிரங்கு வந்து மூணு, நாலு கிழமை கழிச்சு மூத்திரம் பிளேன்டீ கலர்ல போகும் பாருங்க, அது வேற கிட்னி வருத்தம், லேசா வந்தா தானாவே சரியாயிடும், வீட்டோட முடிஞ்சிரும். அந்த மாதிரி கேஸ் எத்தனை வந்திச்சோ போச்சோ. ஜப்பான்ல 1974லருந்து ஸ்கூல் புள்ளைங்க எல்லாருக்கும் வருசா வருசம் மூத்திரம் செக் பண்றாங்க, அங்க சத்தமில்லாததும் மாட்டும்.

மஸ்கெலியா பையன்:
அனுராதபுரம் பக்கம் வருதே அந்த கிட்னி வருத்தம், அதானா இது? தண்ணிய மாத்தணுமா?

கண்டி நர்ஸ் அக்கா:
இல்ல தம்பி. அது பெரும்பாலும் வயல் வேல செய்ற பெரியாளுங்களுக்கு, மெதுமெதுவா கிட்னி சுருங்கிப் போற வருத்தம். இது கூடுதலா 2 வயசுலருந்து 6 வயசுக்குள்ள, ஆம்பள புள்ளைங்களுக்கு கூட. ஊத்துத் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

தலவாக்கலை அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, சேர். மாமிக்கு வாசிச்சு காட்டுனேன், ஒண்ணும் பேசல 😄 ஒரு சந்தேகம், மூத்திரத்துல புரோட்டீன் இருக்கான்னு பாக்குற ஸ்ட்ரிப் பாமசில வெல கூடிப் போச்சு, தெனம் பாக்கணுமா?

கண்டி நர்ஸ் அக்கா:
நல்லா இருக்கிற நேரம் எத்தன நாளைக்கு ஒருக்கா போதும்னு கிளினிக்ல கேட்டுக்கோங்க, ஆனா தடிமன் காய்ச்சல்னா தெனமும் காலைல மொத மூத்திரம் பாருங்க. ஸ்ட்ரிப் இல்லாட்டி கண்ணாடி குழாய்ல முக்கால் அளவு ஊத்தி மேல்பக்கத்த மட்டும் சூடாக்குங்க, வெள்ளையா கலங்குனா ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க, அப்பவும் தெளியலன்னா புரோட்டீன். கொப்பில திகதி போட்டு எழுதுங்க. மூணு நாள் தொடர்ந்து ஸ்ட்ரிப்ல புரோட்டீன் மூணு பிளஸ் (+++) காட்டுனா ரிலாப்ஸ், அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துட்டு இருக்காம போங்க.

முக்கியமா, வீக்கம் வடிஞ்சிச்சுன்னு பிரெட்னிசலோன, அதான் அந்த ஸ்டீரொய்ட் மருந்த, நீங்களா நிப்பாட்டாதீங்க. காய்ச்சலோட வயித்து வலின்னா ராத்திரியானாலும் அன்னைக்கே கொண்டு போங்க, வீக்கத்தோட இருக்கிற புள்ளைக்கு வயித்துக்குள்ள கிருமி புடிக்கும்.