புதுப்பிப்பு: அந்தக் 'கவிதை' குறிப்பைத் திருத்திவிட்டேன்

போன வாரம் நான் போட்ட மறைபொருள் குறுக்கெழுத்தில் (விடையின் பொருளும், எழுத்துகளைக் கொண்டு அதை உருவாக்கும் வழியும் குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் புதிர்) 'முளைத்த கவிதை (2)' என்ற குறிப்பு நியாயமா என்று கேட்டிருந்தேன். விடை 'விதை'; அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்து எண்ணிக்கை. பலரும் ஒரே பதில்தான் சொன்னீர்கள்: 'க'வை நீக்கச் சொல்லும் சொல் எங்கே? ஒத்துக்கொள்கிறேன். 1939 முதல் பிரிட்டனின் அப்சர்வர் இதழில் புதிர் அமைத்த ஸிமனீஸ் வலியுறுத்தியதும் இதைத்தான்: நேர்ப்பொருள், விடைக்கு இட்டுச்செல்லும் நேர்மையான வழி, வேறெதுவும் கூடாது.

புதிய வடிவம்: 'தலையிழந்த கவிதை மண்ணில் முளைப்பது (2)'.

அப்புறம், ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து வேறு சொல்லாக்கும்போது உயிர்மெய்யை ('க'வை க் + அ என்று) உடைக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம் என்றே முடிவு செய்தேன். கட்டத்தில் முழு எழுத்தாக எழுதுகிறோம், கலைக்கும்போதும் அப்படியே இருக்கட்டும். 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு எழுத்துமாற்றச் சொற்கள் கிடைப்பது அரிது. அதனால் ஒன்று சிக்கினால் அன்று முழுக்க மகிழ்ச்சி! நேற்று சிக்கியது: 'குழம்பிய நகரம் பாவிகள் சேருமிடம் (4)'. ந, க, ர, ம் நான்கும் உடையாமல், 'க'வும் 'ர'வும் மட்டும் இடம் மாறி 'நரகம்' ஆகின்றன.

இன்னும் தீராத சிக்கல் புள்ளி எழுத்துதான். தமிழ் மரபுப்படி மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது, அதனால் 'நரகம்' முடியும் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்க முடியவில்லை. கட்டத்தையே மாற்றி வரைகிறேன்.