வெப்பநிலைக் கட்டுப்பாடு: சீரான சுழற்சியா, நிகழ்வு சார்ந்த நிரலாக்கமா?

கேள்வி:
வணக்கம். ஒரு தொட்டியிலுள்ள திரவத்தை 60 டிகிரி செல்சியசில் நிலைநிறுத்தும் மென்பொருளை எழுதி வருகிறேன். வெப்பநிலை அரை டிகிரி மாறும்போதெல்லாம் சென்சார் ஒரு நிகழ்வை அனுப்பும். அதைப் பெறும் நிரற்பகுதி பி.ஐ.டி. கணக்கைச் செய்து (இலக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு, அதன் காலத் தொகை, அது மாறும் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியீட்டைத் தீர்மானிக்கும் முறை இது) ஹீட்டரின் மின்திறனை மாற்றும். பொத்தான்களும் எச்சரிக்கை மணியும் இதே முறையில் குறையின்றி இயங்குகின்றன. வெப்பநிலை மட்டும் 57 டிகிரியை எட்டியதும் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கின் கெழுக்களை, அதாவது மூன்று பகுதிகளுக்கும் தரும் எடைகளை, பலமுறை மாற்றியும் பயனில்லை. நிகழ்வு முறையைக் கைவிட்டு, குறித்த இடைவெளியில் அளந்து திருத்தும் செயல்முறைக் கட்டுப்பாட்டுக்கு முழுவதுமாக மாற வேண்டுமா?

மறுமொழி 1:
கெழுக்களைத் தொட வேண்டாம். பி.ஐ.டி.யின் தொகையீட்டுப் பகுதி, இலக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காலத்தால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டே செல்வதாகும். ஆகவே 3 டிகிரிக் குறை நீடிக்கும் ஒவ்வொரு நொடியும் அது வளர்ந்து ஹீட்டரின் திறனை உயர்த்தியிருக்க வேண்டும். உங்கள் நிரலிலோ வெப்பநிலை மாறாதபோது நிகழ்வு எழுவதில்லை, நிகழ்வு எழாததால் கணக்கும் நடப்பதில்லை. 'இன்னும் மாறவில்லை' என்பதுதான் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய செய்தி. அதுவே உங்கள் நிரலின் காதில் விழவில்லை.

நொடிக்கு ஒரு முறை சென்சாரை நேரடியாகப் படித்துக் கணக்கிடும் சுழற்சியை டைமரால் இயக்குங்கள். தொட்டி மெதுவாகச் சூடேறுவதால் அந்த இடைவெளி போதும். ஆலைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளான பி.எல்.சி. கருவிகளும் உள்ளீடுகளைப் படித்து, தர்க்கத்தை இயக்கி, வெளியீடுகளை எழுதும் சுற்றையே ஓயாமல் செய்கின்றன. பொத்தான்களும் மணியும் நிகழ்வு முறையிலேயே இருக்கட்டும். பொத்தான் இலக்கு மதிப்பை மாற்றினால் போதும், அடுத்த சுற்று அதை எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் எனக்குக் கவலை தருகிறது: சென்சாரின் கம்பி அறுந்தாலும் நிகழ்வு வராது. அந்த மௌனத்தை உங்கள் நிரல் அமைதி என்றே எடுத்துக்கொள்ளும், ஹீட்டரும் எரிந்துகொண்டே இருக்கும்.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கத்தை ஏற்கிறேன். ஆனாலும் நிகழ்வு முறையில் கட்டுப்பாடே இயலாது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. பேட்டரியில் இயங்கும் கம்பியில்லாச் சென்சார் நொடிதோறும் செய்தி அனுப்பினால் விரைவில் ஓய்ந்துவிடும் என்பதால், அங்கே மாற்றம் ஏற்படும்போது மட்டும் அனுப்புவதே பொருத்தமானது. அப்போது முந்தைய கணக்கிலிருந்து உண்மையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைச் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் மௌனம் நீடித்தால் சென்சார் தானாகவே ஓர் அளவீட்டை அனுப்ப வேண்டும், அதுவும் வராவிட்டால் ஹீட்டர் அணைய வேண்டும். உங்கள் சென்சாருக்குக் கம்பி இணைப்பு இருப்பதால் சுழற்சியே எளிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுழற்சியை அமைத்ததும் 60 டிகிரியில் நிலைக்கிறது. ஆனால் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் முதலில் 64 வரை ஏறிவிட்டே இறங்குகிறது.

மறுமொழி 1:
ஹீட்டர் முழுத் திறனில் எரியும் அந்த நீண்ட நேரத்திலும் தொகையீடு சேர்ந்துகொண்டே போகிறது. இலக்கை எட்டிய பிறகும் அந்தச் சேமிப்பு கரையும்வரை ஹீட்டர் தணியாது. வெளியீடு உச்சவரம்பில் இருக்கும்போது தொகையீட்டை மேலும் வளரவிடாமல் நிறுத்திவைத்துப் பாருங்கள்.