தொடர்கதை பைண்டிங், கூடவே சத்தமாக வாசிப்பு: உங்கள் வீட்டில் எப்படி?

ஊசிநூல்
வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்த தொடர்கதைத் தாள்களை வீட்டிலேயே தைப்பது, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே வேலை செய்வது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம், முன்கதை வேண்டாம். உறுத்துவது ஒன்றுதான். கதாநாயகன் கதவைத் திறக்கப்போகிற வரியில் பிள்ளையின் கத்தரிக்கோல் பாதி அட்டையில் அப்படியே நிற்கும். கண் வாசிப்பவர் மேல். மறுபடி வெட்ட ஆரம்பிக்கும்போது கோடு அரை விரற்கடை விலகியிருக்கும்.

கண் தேவைப்படும் வேலை, கை மட்டும் போதுகிற வேலை என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். அளப்பது, கோடு போடுவது, வெட்டுவது, ஓட்டை போடுவது எல்லாம் வாசிப்பு தொடங்குவதற்கு முன். தாள் மடிப்பது, கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேய்ப்பது, நூலில் மெழுகுவர்த்தி தேய்ப்பது, போட்ட ஓட்டையில் ஊசி கோப்பது இவை வாசிப்பின்போது. பசை கடைசி. பசை தடவியதும் கதைக்காகக் காத்திருக்க முடியாது.

கேலிகோ
தையலைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தனித்தாள்களை ஓரத்தில் குத்தித் தைப்பதுதான் வழக்கம். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே 5 ஓட்டை. கட்டைமேல் வைத்து 2 மி.மீ. ஆணியால் அடித்தால் போதும். புத்தக உயரத்தைப்போல மூன்றரை மடங்கு நூல். நடு ஓட்டையில் பின்பக்கமிருந்து நுழைந்து மேலே ஓடி, விட்ட இடைவெளிகளை நிரப்பியபடி திரும்பி, கீழேயும் அப்படியே போய் வந்து நடுவில் முடிச்சு. நூலைப் புத்தக முதுகின், அதாவது தைக்கிற ஓரத்தின், நீளவாக்கில் இழுக்க வேண்டும். நேரே மேல்நோக்கிச் சுண்டினால் நூலே கத்தியாகி ஓட்டையைக் கிழித்துவிடும். பிள்ளைகள் கையில் தாள் கிழிவது முக்கால்வாசி இதனால்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை உள்மார்ஜின். பழைய இதழ்களில் எழுத்து முதுகுவரை வந்துவிடும். அப்படியே தைத்தால் ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ தையலுக்குள் போய்விடும், வாசிப்பவர் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். 2 செ.மீ. அகல மெல்லிய தாள்கீற்றை ஒவ்வொரு தாளின் உள்ஓரத்திலும் அரை செ.மீ. ஏறும்படி ஒட்டி, கீற்றில் தையுங்கள். முதுகு கொஞ்சம் தடிக்கும், தடிக்கட்டும்.

பழையபேட்டை
பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடாமல் பைண்டிங் செய்தால் தாளை அரிக்கிற ராமபாணப் பூச்சி சும்மா விடுமா? அச்சகத்துப் பட்டறைகளில் காலங்காலமாகப் போடுவதுதானே.

ஊசிநூல்
@பழையபேட்டை அண்ணா, பட்டறையில் போடட்டும். துத்தம் விஷம். இங்கே பசையைத் தொட்ட விரலை நக்கிப் பக்கம் திருப்புகிற வயசுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வெறும் மைதா போதும். 1 பங்கு மாவு, 5 பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மறைந்து கண்ணாடியாக வரும். ஆறவிட்டுத் துணியில் வடிகட்டவும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினால் புளிக்கிற பேச்சே இல்லை. பூச்சிக்கு அலமாரியில் வசம்பு வையுங்கள்.

பழையபேட்டை
வசம்பை நம்பி உட்கார்ந்தால் நாலு மழைக்காலம் தாண்டாது. சரி, உங்கள் புத்தகம்.

வாசக_அத்தை
நீங்கள் பசையோடு மல்லுக்கட்டுங்கள். வாசிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தமிழகத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் 13 எழுத்துகளின் உருவம் வேறு. ணா, றா, னா எல்லாம் சுழித்துச் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும். ணை, லை, ளை, னை தும்பிக்கையோடு வரும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ இவையும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளை அங்கே தடுக்கி நின்றால் கதை அறுந்துபோகும். அந்த 13 எழுத்தையும் ஒரு துண்டட்டையில் பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று எழுதி, பக்க அடையாளமாகச் செருகிவிடுங்கள். சின்னக் கைவேலையும் ஆச்சு.

அடுத்தது மூச்சு. பழைய நடையில் ஒரு வாக்கியம் ஐந்து வரி ஓடும். வினையெச்சத்தில் நிறுத்தலாம். 'வந்து,' 'பார்த்து,' 'சொல்லிவிட்டு' என்று முடிகிற இடமெல்லாம் மூச்செடுக்கும் இடம். பெயரெச்சத்தில் நிறுத்தாதீர்கள்: 'ஓடிவந்த' என்று நிறுத்திவிட்டுப் பிறகு 'குதிரை' என்றால் கேட்பவர் எதுவென்று தொங்கிக்கொண்டிருப்பார். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றி நடிக்க வேண்டாம், இரண்டாம் அத்தியாயத்திலேயே தொண்டை கட்டும். வேகத்தை மட்டும் மாற்றுங்கள். கிழவருக்கு நிதானம், சின்னவனுக்கு அவசரம். ஒரு வாரத்துப் பகுதி முடிந்ததும் 'இன்னொண்ணு' என்று கெஞ்சினாலும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். 'தொடரும்' போட்ட இடம் எழுதியவர் வேண்டுமென்றே வைத்த இடம். இரண்டு மூன்றாகச் சேர்த்து வாசித்தால் அந்த முடிச்சுகள் வெறும் இடைஞ்சலாகத் தெரியும்.

கேலிகோ
அத்தை சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மழைநாளில் மூன்று பகுதி தாராளமாக வாசிக்கலாம். துண்டட்டை யோசனை அருமை.

புதுத்தாள்
தொடர்கதை இல்லாதவர்கள் பிள்ளைகளைக் கதை எழுதவைத்து ஏ4 தாளில் தைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் கிடைக்கிற ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. எட்டுத் தாளை ஒன்றாக மடித்தால் முதுகு உப்பும், பக்கம் படியாமல் எழும்பி நிற்கும். நாலு நாலாக மடித்துத் தையுங்கள். ஒரு கேள்வி: அட்டை ஒட்டிய மறுநாள் வெளிப்பக்கமாக வளைந்துவிடுகிறதே, ஏன்?

கேலிகோ
வெளியே மட்டும் துணி ஒட்டியிருப்பீர்கள். ஈரத்தில் விரிந்த துணி காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கமும் தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரியாகும். அட்டைக்கும் பக்கங்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். பிளாஸ்டிக் இல்லாவிட்டால் ஈரம் இறங்கி முதல் பத்துப் பக்கம் அலையலையாகிவிடும்.