எங்கள் பேண்டின் ஹார்ன்காரர்கள்

நம் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் நான் ஒரு பேண்டில் ஊதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து லீட்ஸ், மான்செஸ்டரில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் "என்ன, ட்ரம்பெட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் (பித்தளை வாத்தியங்களும் தாளமும் மட்டும் உள்ள பேண்ட்) ட்ரம்பெட்டே கிடையாது, அந்த இடத்தில் அதே மாதிரி ஆனால் குட்டையான கார்னெட் இருக்கும். நான் ஊதுவது டெனர் ஹார்ன், கார்னெட்டைவிடப் பெரிய, நடுத்தர சுருதி வாத்தியம். என் கூட உட்கார்ந்து ஊதும் மூன்று பேரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முழு பேண்டில் ஊதுகிறவர்கள் 25 பேர், அதற்கு மேல் தாள வாத்தியக்காரர்கள். 25 பேரில் கார்னெட் மட்டும் 10. ஹார்ன் மூன்றே மூன்று: சோலோ, முதல், இரண்டாவது. பக்கத்தில் ஃப்ளூகல்ஹார்ன் (கார்னெட் மாதிரி, ஆனால் வாய் அகலமானது) ஒன்று, அதையும் எங்களோடுதான் சேர்த்துக்கொள்வோம். எங்கள் ஹார்னுக்கு மூன்று வால்வு (விரலால் அழுத்தும் கட்டை), வாய் மேலே பார்த்திருக்கும், அதனால் சத்தம் நேராகக் கூரைக்குப் போய்விடும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால்கூட எங்களைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கஷ்டம். நாங்கள் பாதியில் நிறுத்திவிட்டால் மட்டும் என்னமோ குறைகிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். எங்கள் சுரம் மேலே போகும் கார்னெட்டுக்கும் கீழே போகும் பாஸுக்கும் (பேண்டிலேயே பெரிய, கீழ் சுருதி வாத்தியம்) நடுவில் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் (அணிநடைக்கான இசை) வாசிக்கும்போது தாளத்தின் தட்டில் பாஸ் விழும், இரண்டு தட்டுக்கு நடுவில் நாங்கள் விழ வேண்டும். பக்கம் பக்கமாக அதுதான். ஒருவர் கொஞ்சம் அவசரப்பட்டாலும் மொத்த பேண்டும் ஓட ஆரம்பித்துவிடும்.

சோலோ ஹார்ன் ஊதுகிற அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய அப்பா, தாத்தா இரண்டு பேரும் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர்கள், இரண்டு பேருமே பேண்டில் இருந்தவர்கள். இந்தப் பக்கம் இது ரொம்ப சாதாரணம். குவீன்ஸ்பரி ஆலை முதலாளி ஜான் ஃபாஸ்டர் 1855-இல் தன் தொழிலாளர்களை வைத்து ஆதரித்த பேண்டுதான் பிளாக் டைக், இன்றைக்கும் உலகத்தின் பெரிய பேண்டுகளில் ஒன்று. ஆலைத் தொழிலாளி எப்படி இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டான் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கைவிரல் மூன்றைக் காட்டினார். 1840-களில் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் (சாக்ஸஃபோன் செய்த அதே ஆள்தான்) சின்னது முதல் பெரியது வரை ஒரே குடும்பமாக வால்வு வாத்தியங்கள் செய்தார். எங்கள் ஹார்ன் அந்தக் குடும்பம். பேண்டில் கார்னெட்டிலிருந்து பெரிய பாஸ் வரைக்கும் வால்வு வாத்தியங்களுக்கு விரல் வைப்பு ஒன்றுதான், பாஸ் ட்ராம்போனைத் தவிர எல்லோருக்கும் இசைத்தாள் எழுதும் முறையும் ஒன்றுதான். கார்னெட்காரர் வரவில்லை என்றால் ஹார்னிலிருந்து ஒருவரை அங்கே உட்கார வைக்கலாம். பத்து மணி நேரம் தறியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு எது?

முதல் ஹார்ன் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவர், பஸ் ஓட்டியவர். அவருடைய ஸ்டாண்டில் ஒரு சின்னப் பென்சில் நூலில் கட்டித் தொங்கும். புது இசைத்தாள் வந்தால் முதலில் ஊத மாட்டார், மூச்சு எங்கே எடுக்கலாம் என்று பார்த்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுவார். தன் தாளை முடித்துவிட்டு என் தாளிலும் போடுவார், ஆனால் அதே இடத்தில் இல்லை. அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் ஊதிக்கொண்டிருக்க வேண்டும், நான் எடுக்கும்போது அவர். அப்படிச் செய்தால் கேட்கிறவர்களுக்கு ஹார்ன் வரிசை மூச்சே விடாத மாதிரி இருக்கும். எந்தப் பாடத்திலும் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் இது.

அவர் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) குடும்பம். அந்தச் சபையில் பேண்ட் வந்தது 1878-இல், சாலிஸ்பரியில் ஃப்ரை என்று ஒரு கட்டடக்காரரும் அவருடைய மூன்று பையன்களும் தெருப் பிரசங்கத்துக்குத் துணையாக ஊதப் போனதிலிருந்துதான். என் ஊர் எங்கே என்று கேட்டபோது, தெரியவா போகிறது என்று நினைத்து "நாகர்கோவில் பக்கம்" என்றேன். "கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிற நாகர்கோவிலா?" என்றார் மனிதர். அது இரட்சணிய சேனை ஆஸ்பத்திரி, அவருடைய சபையில் சின்ன வயதில் அதற்குக் காணிக்கை எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒத்திகை முடிந்து கதவைப் பூட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஃப்ளூகல் ஊதுகிறவர் பள்ளி ஆசிரியை, எங்களில் வயது குறைந்தவர். என் மகளுக்கு வாத்தியம் சொல்லித்தருவது அவர்தான். காசு கிடையாது, வாத்தியமும் பேண்டே கொடுத்துவிடும், வாராவாரம் சின்னதாக ஒரு சந்தா மட்டும். மகளைக் கொண்டுவிட வந்து சும்மா உட்கார்ந்திருந்த என் கையில் அலமாரியில் இருந்த ஹார்னைக் கொடுத்ததும் அவர்தான்.

டிசம்பரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்க நிற்போம், குளிரில் சுருதி இறங்கும், வால்வு ஒட்டிக்கொள்ளும். சோலோ ஹார்ன் அம்மா விரல் நுனி இல்லாத கையுறை நாலு ஜோடி பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இவர்களோடு பழகியதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். நம் ஊர்க் கோவில் கொடைக்கு வருகிற பேண்ட் செட்டில் யூபோனியம் ஊதுகிறவர் ஒருவர் இருப்பாரே, அந்த வாத்தியமும் எங்கள் பேண்டில் இருக்கும் யூபோனியமும் ஒன்றுதான், வால்வும் விரலும் அதே. அவர் யாரிடம் கற்றுக்கொண்டார், வீட்டில் இன்னும் யார் ஊதுகிறார்கள், வாத்தியத்துக்கு எது தேவைப்படுகிறது என்று ஊரில் இருப்பவர்கள் யாராவது உட்கார்ந்து பேசுங்கள். சாமி இறங்கிய பிறகு வேண்டாம், அப்போது அவர்களுக்கு அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்கிற அவசரம். மதியச் சாப்பாட்டு நேரம் சரியாக இருக்கும். வால்வு எண்ணெய், மவுத்பீஸ் மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் நான் அடுத்த முறை வரும்போது வாங்கி வருகிறேன், சங்கக் கணக்கில் வேண்டாம்.

அப்புறம், இங்கிலாந்தில் இருப்பவர்கள் விட் ஃப்ரைடே அன்று கட்டாயம் வாருங்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வரும் வெள்ளி அது. சாடில்வொர்த், டேம்சைடு கிராமங்களில் 1884-லிருந்து நடக்கும் மார்ச் போட்டி. பேண்டுகள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், தெருவில் ஊதிக்கொண்டே நடந்து, கடைசியில் நின்று ஒரு மார்ச் வாசிக்கும். நடுவர் திரை போட்ட கேரவனுக்குள் இருப்பார், எந்த பேண்ட் என்று அவருக்குத் தெரியக் கூடாது. சாயங்காலம் ரோட்டை அடைத்துவிடுவார்கள், காரை நம்பாதீர்கள். க்ரீன்ஃபீல்டு வரை ரயிலில் வந்துவிட்டால் அங்கிருந்து அப்பர்மில்லுக்கு நடந்தே வரலாம். குடை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேண்ட் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று அன்று மதியம் குழுவில் போடுகிறேன். வந்தால் முடிந்த உடனே ஹார்ன் வரிசைக்கு வாருங்கள், மூன்று பேரிடமும் உங்களை அறிமுகப்படுத்துகிறேன்.