வெரோனாவிலிருந்து ஒரு கடிதப் பேச்சு

கவிதா: பெரியப்பா, இன்று வெரோனா வந்திருக்கிறேன். [படம்] இது காஸ்டெல்வெக்கியோ கோட்டை, இப்போது அருங்காட்சியகம். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தன் மருமகனை இங்கே விசாரித்துத்தான் சுடச் சொன்னாராமே?

மாலதி அத்தை: மருமகனையா!! மகளை நினைக்க வேண்டாமா?

பெரியப்பா: சுடச் சொன்னார் என்பதைவிட, தடுக்கவில்லை என்பதே சரி. கருணை மனுக்களைக் கட்சிக்காரர்களே மடக்கிவிட்டார்கள். அவரும் எங்கே என்று கேட்கவில்லை. மருமகன் பெயர் கலியாட்சோ சியானோ. 1936 முதல் 1943 வரை வெளியுறவு அமைச்சர்.

செந்தில்: என்ன தப்பு செய்தார் பெரியப்பா?

பெரியப்பா: 1943 ஜூலையில் முசோலினி கட்சியின் உயர்மன்றமான பாசிசப் பெருமன்றம் கூடி அவருக்கு எதிராக வாக்களித்தது, அவர் பதவியும் போனது. மாமனாருக்கு எதிராகக் கைதூக்கிய 19 பேரில் இவரும் ஒருவர். அப்புறம் ஜெர்மானியர் தயவில் முசோலினி மறுபடி பதவிக்கு வந்ததும், அகப்பட்ட ஆறு பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். 1944 ஜனவரி 11 காலையில் ஐந்து பேரை நாற்காலியில் கட்டி, முதுகில் சுட்டார்கள்.

கவிதா: சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதினார் என்று எங்கோ படித்தேன்.

பெரியப்பா: ஆமாம்மா. 1943 டிசம்பர் 23 அன்று, இதே வெரோனாச் சிறையில். இத்தாலி மன்னருக்கு ஒன்று, சர்ச்சிலுக்கு ஒன்று. எதிரி நாட்டுப் பிரதமருக்கு! ஜெர்மனியோடு சேர்ந்து சண்டை போட்ட குற்றத்தில் எனக்குப் பங்கில்லை, எல்லாம் மாமனார் வேலை என்கிற தோரணையில் எழுதியிருப்பார்.

மாலதி அத்தை: பாவம். சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான்.

பெரியப்பா: மாலதி, 1939 மே மாதம் பெர்லினில் ஹிட்லர் அரசோடு எஃகு ஒப்பந்தம் என்ற ராணுவக் கூட்டணி உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதே இந்த மாப்பிள்ளைதான். 1940இல் கிரீஸ் மேல் படையெடுக்கச் சொல்லித் துடித்ததும் இவரே. கையெழுத்து அவருடையதுதான். கணக்கு மட்டும் உதைக்கிறது.

செந்தில்: 😂😂

கவிதா: அவர் மனைவி எட்டா என்ன செய்தாள்?

பெரியப்பா: அவள்தான் வீராங்கனை. புருஷனின் நாட்குறிப்புகளை உடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, பார்ப்பவர்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சி போலத் தெரிய, ஜனவரி 9 அன்று சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டினாள். புருஷனை விடாவிட்டால் இவற்றை வெளியிடுவேன் என்று அப்பாவுக்கும் ஹிட்லருக்கும் கடிதம். ஒருவரும் மசியவில்லை.

மாலதி அத்தை: அந்த அப்பா முகத்தில் எப்படி விழிப்பாள்?

பெரியப்பா: அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

செந்தில்: ஆறு பேர் என்றீர்கள், ஐந்து பேரைத்தானே சுட்டார்கள்?

பெரியப்பா: கவனித்துவிட்டாயே! ஆறாவது ஆள் சியானெட்டி. இன்னொரு அமைச்சர். வாக்களித்த கையோடு, நான் போட்ட ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று முசோலினிக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த ஒரு தாள்தான் காப்பாற்றியது. 30 ஆண்டுச் சிறையோடு தப்பித்தார்.

மாலதி அத்தை: இது நம் அபார்ட்மெண்ட் மீட்டிங் கதை மாதிரி இருக்கிறதே. பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்று கைதூக்கிவிட்டு, ராத்திரியே செயலாளருக்கு ‘மன்னிக்கவும்’ என்று மெசேஜ் அனுப்பினது யார்?

பெரியப்பா: கவிதா, அந்தக் கோட்டைப் பாலத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

செந்தில்: பெரியப்பா பேச்சை மாற்றுகிறார் 😂