ஆச்சி வீட்டுக் குழு: பிள்ளை பெத்து 12-ஆம் நாள்

தங்கச்சி (காலை 6:12): அக்கா, முழிச்சிட்டியா? ராத்திரி பூரா தாகம். பிள்ளை வாய் வச்ச உடனே தொண்டை வறண்டுருது.

நான்: நேத்து எவ்வளவு தண்ணி குடிச்ச?

தங்கச்சி: காலையில அரை டம்ளர், சாயந்திரம் அரை டம்ளர், சீரகத் தண்ணி. மூணு நாளா வெளிக்குப் போகல. தையல் போட்ட இடம் வேற இழுக்கு. அழுகையா வருதுக்கா.

அம்மா: எல்லாரும் பாக்குற குழுவுல இதெல்லாம் எழுதாதட்டி.

நான்: எழுதட்டும்மா. எல்லாரும் பாக்கணும்.

பெரியத்தை: பச்சை உடம்புக்காரி தண்ணியைக் கண்டமானிக்குக் குடிச்சா வயிறு தொங்கிரும். பிள்ளைக்குச் சளி கட்டும்.

சித்தி: மதினி, கோவிச்சுக்காதீங்க. பிரசவ வார்டுலயே நர்ஸா இருந்தவ சொல்றேன். தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்கு தண்ணி. பிள்ளை நல்லா குடிக்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பக்கம் சுரக்கும். எல்லாம் அவ உடம்புல இருந்து போறதுதான். வயிறு பெருசா தெரியுறது தண்ணியால இல்ல. கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும். சளி கிருமியால வருது.

பெரியத்தை: அப்ப தண்ணி குடிச்சா பால் கூடுமோ?

சித்தி: பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். வம்பா குடிக்கவும் வேண்டாம். பால் கொடுக்க உக்காரும்போது கையெட்டுற தூரத்துல ஒரு சொம்பு இருக்கணும், அவ்வளவுதான்.

நான்: சாப்பாடும்மா?

அம்மா: பூண்டுக் குழம்பு, இட்லி, சுட்ட அப்பளம். காய் வாயு, பழம் குளிர்ச்சி.

சித்தி: பூண்டும் பத்தியக் குழம்பும் இருக்கட்டும்க்கா, நல்லதுதான். குறைக்கிறதுதான் தப்பு. முதல் ஆறு மாசம் வழக்கத்தை விட 600 கலோரி கூட வேணும்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. இன்னொரு வேளைச் சாப்பாடுன்னு வச்சுக்கோ. முட்டை, பருப்பு, கீரை, பழம், சாளை மீன்.

தங்கச்சி: சித்தி, சூடுன்னு இரும்பு மாத்திரையையும் நிறுத்தியாச்சு.

சித்தி: ஐயோ அக்கா! பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் போடணும். கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடாதம்மா, ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடு. போட்ட கையோட காபி, டீ வேண்டாம். நாளைக்கும் வெளிக்குப் போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டிருவோம்.

(கொஞ்ச நேரம் யாரும் எழுதல.)

பெரியத்தை: மூத்தவன் பிறந்தப்ப நடு ராத்திரியில அடுக்களைக்குப் போயி, பானையில மொண்டு மொண்டு குடிச்சேன். செம்புச் சத்தம் மாமியாருக்குக் கேட்டுருமோன்னு முந்தானையில சுத்திப் பிடிச்சிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுங்க.

அம்மா: குடுத்துட்டேன் மதினி. ரெண்டு டம்ளர் ஒரே மூச்சுல குடிச்சா. ஆச்சி கேக்கா, தண்ணியில கொஞ்சம் ஓமம் போடலாமா?

சித்தி: போடச் சொல்லுக்கா. கொதிக்க வச்சு ஆறினதும் குடுங்க.

அண்ணன் (7:05): மார்க்கெட்ல நிக்கேன். சாளை வாங்கிட்டேன். வேற என்ன?

அம்மா: கொய்யாப்பழம். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டுலயே பறிச்சுக்கிடுறேன்.