டென்ஷனருக்குத் தமிழ்: ‘தொய்வெடுப்பான்’ சரிவருமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பைக் பழுதுபார்க்கும் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி கேட்ட கேள்வி சின்னதுதான். டைமிங் செயின் டென்ஷனருக்கு என்ன எழுதுவது? இதுவரை வந்தவற்றில் மூன்று: இழுவிசையாக்கி, விறைப்பி, இறுக்கி. மூன்றுமே ஆங்கிலப் பெயரை அகராதியில் தேடிப் பிடித்தவையாகத் தெரிகின்றன. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தவையாகத் தெரியவில்லை. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். நம் சாலைகளில் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிராங்க், வண்டிச் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. அதனால் செயினின் முன்பக்கத்தைக் கிராங்க் கீழ்நோக்கி இழுக்கிறது. அந்தப் பக்கம் விறைப்பாக இருக்கும். பின்பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம், செயின் மேலே திரும்பிப் போகிறது. இழுப்பார் இல்லாததால் தொய்வு அங்கே சேர்கிறது. டென்ஷனரைப் பொருத்தியிருப்பதும் அங்கேதான். சிலிண்டரின் பின்சுவரில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைந்த பட்டை ஒன்றை உள்பக்கமாகத் தள்ளுகிறது. பட்டை செயினை அணைத்துப் பிடிக்கிறது.

ஆக, இழுவிசை மிகுந்த பக்கத்தில் இந்த உறுப்பே இல்லை. இழுப்பது கிராங்க், இது தள்ளுகிறது. தள்ளுகிற பொருளுக்கு இழுவிசையாக்கி என்று பெயர் வைத்தால், பாடம் படிக்கிற பையன் முதல் வரியிலேயே தவறான படத்தை மனதில் வரைந்துகொள்வான்.

‘விறைப்பி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒர்க் ஷாப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அன்று வேலை நடக்காது.

‘இறுக்கி’ நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு இடம் இருக்கிறது. பின்சக்கரச் செயின் லூசானால் ‘செயின் டைட் பண்ணுங்க’ என்று சொல்கிறோம். அச்சின் இரு பக்கமும் இருக்கும் அட்ஜஸ்டர்தான் உண்மையான இறுக்கி. அதை மனிதன் ஸ்பானர் வைத்துத் திருப்புகிறான். டைமிங் செயினில் இருப்பது தானாகவே வேலை செய்வது. தவிர, டைமிங் செயினை இறுக்குவதே ஒரு கோளாறு. இறுக்கினால் பட்டை அரிக்கும், செயின் ஊளையிடும், ஸ்பிராக்கெட் பல் தேயும். தொய்வை மட்டும் எடுத்துவிட்டு நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பிடி கூடாது.

அதனால்தான் ‘தொய்வு’ என்பதை வேராகக் கொள்ளலாம் என்கிறேன். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். பின்னலை யாரும் தொடுவதில்லை, தொய்வு மட்டும் போகும். ‘எடு’ என்ற வினையைப் பட்டறையே நமக்குக் கொடுத்திருக்கிறது. ரிம் கோணினால் ‘பெண்டு எடுக்கணும்’ என்கிறார்கள். பிரேக் பைப்பில் காற்று புகுந்தால் ‘ஏர் எடுக்கணும்’. வீட்டில் தலைமுடியில் சிக்கெடுக்கிறோம். இருக்கக் கூடாத ஒன்றை நீக்கிச் சரிசெய்வதற்குத் தமிழில் ‘எடு’தான். ஆகவே, தொய்வெடுப்பான்.

நம் குழுவின் புலவர் ஐயா இரண்டு தடைகளைக் கிளப்புவார் என்று எனக்குத் தெரியும். முற்றியலுகரம் எப்படிக் கெட்டது என்பார். கதவடைப்பில் கெட்டதே ஐயா. ‘ஆன்’ விகுதி ஆண்பால் என்பார். அழிப்பான் என்று ரப்பரைச் சொல்கிறோம், யாரும் அதை ஆணாக நினைப்பதில்லை. ‘இ’ விகுதி போட்டுத் ‘தொய்வெடுப்பி’ என்றும் ஆக்கலாம்தான். என் காதுக்கு அது நிற்கவில்லை.

இன்னொரு நண்பர் இதே உறுப்புக்கு அனுப்பிய ‘பின்வாங்காப் பல்லுந்தி’ என்ற சொல்லைப் படித்து உண்மையில் மகிழ்ந்தேன். பொருளைத் திறந்து பார்த்திருக்கிறார். கேமின் மூக்கு வால்வைத் திறந்து முடித்ததும் வால்வு ஸ்பிரிங் கேமை முன்னுக்கு உந்துகிறது. அந்தக் கணத்தில் செயினின் இழுப்பு பக்கம் மாறுகிறது; தொய்ந்திருந்த பக்கம் விறைத்து டென்ஷனரைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறது. ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தத் தள்ளல் நடக்கும். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் தண்டு உள்ளே வெளியே ஆடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெளியே வந்தது திரும்பி உள்ளே போகாதபடி ஒரு தடை தேவைப்படுகிறது. அதைத்தான் நண்பர் பெயரில் பிடித்திருக்கிறார்.

ஆனால் அந்தத் தடை எல்லா வண்டியிலும் பல் அல்ல. சில டென்ஷனர்களில் தண்டில் ரம்பம் போலப் பல் வெட்டி, ஒரு சின்ன நாக்கு அதைப் பிடிக்கும். 150 சிசி வண்டிகள் பலவற்றில் பல்லே கிடையாது. முறுக்கு ஸ்பிரிங் ஒரு திருகைச் சுற்ற, திருகு தண்டை வெளியே தள்ளும். மரை ஏற்றம் (ஒரு சுற்றுக்குத் தண்டு நகரும் தூரம்) மிகக் குறைவு என்பதால் தண்டை நேராக அமுக்கினால் திருகு திரும்பச் சுற்றாது. கார்களில் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தமே தண்டைத் தள்ளுகிறது. ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 97.2 சிசி, படுத்த சிலிண்டர். பின்சுவரில் எதையும் காண மாட்டீர்கள். கிராங்க் கேஸின் அடியிலிருக்கும் பெரிய போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் தண்டும் வரும். தண்டு ஒரு கையைத் தள்ள, கையின் முனையிலுள்ள உருளை செயினை அழுத்துகிறது. நம் சொல் இவை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். எப்படித் தடுக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். தொய்வை எடுக்கிறது என்பது மாறாது.

பழைய புல்லட்டுக்கு மட்டும் இந்தச் சொல்லே தேவைப்படவில்லை. திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கிய காலத்திலிருந்து அதில் கேமைச் சுற்றியது பற்சக்கரங்கள். கேமும் கீழேயே, கிராங்குக்குப் பக்கத்தில். 2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 வந்தபோது அந்த 350 வரிசையில் கேம் சிலிண்டர் தலைக்கு ஏறியது, செயினும் கூடவே வந்தது. 2023-இல் புல்லட் 350-உம் அந்த இன்ஜினுக்கு மாறிவிட்டது. புல்லட் மட்டுமே பார்த்து வளர்ந்த மெக்கானிக்குகளும் இனி இந்த உறுப்போடு பழகியாக வேண்டும்.

இப்போது தம்பிக்கு நேராகச் சொல்ல வேண்டியது. உங்களுக்கு ஒரு சொல் போதாது, நான்கு வேண்டும். கோளாறு கண்டுபிடிக்கும் அத்தியாயத்தை எழுதும்போது இது புரியும். ஆங்கிலக் கையேடுகளிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது: ஹோண்டா புத்தகத்தில் டென்ஷனர் என்பது அந்த வளைந்த பட்டை, அதைத் தள்ளும் உறுப்புக்கு லிஃப்டர் என்று தனிப்பெயர். யமஹா புத்தகத்தில் தள்ளும் உறுப்பே டென்ஷனர். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? தள்ளும் உறுப்பு முழுவதும் தொய்வெடுப்பான். அதிலிருந்து வெளியே வருவது உந்துதண்டு. அது தள்ளுகிற வளைந்த பட்டை அணைபட்டை. எதிர்ப்பக்கம் அசையாமல் நின்று செயினுக்கு வழிகாட்டுவது வழிப்பட்டை. கடையில் இந்தப் பட்டைகளைப் ‘பேடு’ என்பார்கள், அது இருக்கட்டும்.

ஏன் பிரித்தே ஆக வேண்டும் என்கிறேன்? காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிலிண்டர் பக்கம் கடகடவென்று சத்தம், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அடங்குகிறது, விட்டால் மறுபடி வருகிறது என்று வண்டி வரும். முதலில் வேறு சத்தங்களை ஒதுக்க வேண்டும். வால்வுக்கு மேலுள்ள டேப்பட்டின் சத்தம் சீரான டிக் டிக். கேமின் வேகத்தில், கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வரும். கிளட்ச் லிவரைப் பிடித்தால் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். செயின் சத்தம் ஒழுங்கற்றது, சங்கிலி டப்பாவில் குலுங்குவது மாதிரி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டென்ஷனரின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டினால் தெளிவாகக் கேட்கும்.

சரி, செயின் சத்தம்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே புது டென்ஷனர் வாங்கி மாட்டுவது வழக்கம். பாதி வண்டிகள் மறுபடி வருவது இதனால்தான். கழற்றினால் ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளிவிடும் என்பதால், வண்டியில் இருந்த நிலையில் உந்துதண்டு எவ்வளவு வெளியே வந்திருந்தது என்று பார்க்க வேண்டும். முக்கால்வாசி உள்ளேயே இருக்கிறது, ஆனால் கட்டைவிரலால் அமுக்கினால் சுலபமாக உள்ளே போகிறது என்றால் தொய்வெடுப்பான் போய்விட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பல்லோ மரையோ தேய்ந்திருக்கும். தண்டு கடைசி வரை வெளியே வந்து நிற்கிறது, அமுக்கினாலும் அசையவில்லை என்றால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டது. செயின் நீண்டிருக்கிறது, இல்லை அணைபட்டை தேய்ந்திருக்கிறது. அங்கே புது டென்ஷனர் போட்டால் காசுதான் போகும்.

செயின் நீள்வது என்றால் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ‘பின்’ என்ற சிறு தண்டும் அது நுழையும் துளையும் தேய்கின்றன. கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், நூறு கண்ணிச் செயினில் 2 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் தேய்மானம் இன்னும் வேகமாகும். ‘டென்ஷனர் தேய்ந்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இதெல்லாம் மறைந்துபோகும்.

மாற்றும் பகுதிக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். திருகு வகை தொய்வெடுப்பானுக்கானது. சொற்கள் ஓடுகின்றனவா என்று சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

“இன்ஜின் ஆறிய பிறகு தொடங்கவும். மேக்னெட் மூடியின் துளை வழியே பார்த்து, ‘டி’ குறியை நேர்க்கோட்டில் நிறுத்தவும். பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் மேலே இருக்க வேண்டும். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் கேம் தானாகத் துள்ளாது. தொய்வெடுப்பானின் நடுப் போல்ட்டைக் கழற்றிச் சின்ன ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு வலப்பக்கமாகத் திருப்பினால் உந்துதண்டு உள்ளே போகும். அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி எடுக்கவும். தொய்வெடுப்பான் வெளியே இருக்கும்வரை கிக்கரைத் தொடக் கூடாது, கியரில் போட்டு வண்டியை நகர்த்தவும் கூடாது. செயின் பல் தாண்டினால் டைமிங் போகும், வால்வு பிஸ்டனில் இடிக்கவும் கூடும். புதியதை உந்துதண்டு முழுக்க உள்ளே இருக்கும் நிலையில், புது பேக்கிங் வைத்துப் பொருத்தவும். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பிறகு ஸ்க்ரூடிரைவரை விட்டால் உந்துதண்டு தானே வெளியே வந்து அணைபட்டையைத் தொடும். நடுப் போல்ட்டைத் திரும்ப மாட்டவும். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யவும்.”

பல் வகைக்கு ஒரு எச்சரிக்கையைத் தனியாக, கொட்டை எழுத்தில் போடுங்கள். சும்மா பார்க்கலாம் என்று பக்கத்துப் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திரும்ப முடுக்கக் கூடாது. தளர்த்திய இடைவெளியில் உந்துதண்டு ஒரு பல் வெளியே வந்து நின்றுவிடும், திரும்பப் போகாது. முடுக்கினால் செயின் அளவுக்கு மீறி இறுகும். தளர்த்தினால் முழுவதும் கழற்றி, தண்டை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

டைமிங் செயினுக்கு வந்த ‘காலச் சங்கிலி’ கவிதைத் தொகுப்புக்கு நல்ல தலைப்பு. ‘நெம்புருள் சங்கிலி’ பொருள் சரி. ஆனால் கேமை நெம்புருள் என்று அறிந்தவர்கள் நம் குழுவுக்கு வெளியே குறைவு. டைமிங் செயினை இப்போதைக்கு அப்படியே விடலாம் என்பது என் கருத்து. ஒரே பத்தியில் எட்டுப் புதுச்சொல் இருந்தால் கிரீஸ் கையோடு படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். உதிரிபாகப் பட்டியலில் ‘டென்ஷனர்’ என்றே இருக்கட்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டியவருக்கு அந்தப் பெயர்தான் உதவும். விளக்கப் பகுதியில் தொய்வெடுப்பான் வரட்டும்.

பல் வகையில் தண்டைப் பிடிக்கும் அந்தச் சின்ன நாக்குக்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. ‘தடைநாக்கு’ என்று வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. உங்கள் ஊர்ப் பட்டறையில் ஜாக்கியிலோ ராட்செட் ஸ்பானரிலோ இருக்கும் அதே நாக்கை என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ‘லாக்’ என்ற பதில் வேண்டாம், அது எனக்கும் தெரியும். பேக்கிங்கா கேஸ்கட்டா என்ற சண்டையை இதில் கலக்காமல் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.